ஆண்டாளுக்கு அப்பா



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒவ்வொரு குழுவுல இருந்தும் ஒரு பெரியவங்களோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு கூட்டத்துல சொன்னாங்க. எங்க குழுவுல தீர்மான நோட்டு எழுதுறது நான்தான். அதனால இதையும் நீயே எழுதிருன்னு என் தலையில கட்டிட்டாங்க. பத்தாவதோட படிப்பை நிறுத்தினவ நான். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

யாரைப் பத்தி எழுதலாம்னு யோசிச்சப்ப முதல்ல ஆண்டாள்தான் மனசுக்கு வந்தா. ராஜபாளையத்துல பஸ் ஏறினா அரை மணி நேரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திரும். ஊருக்குள்ள நுழையும்போதே கோபுரம் தெரிஞ்சிரும், பஸ்ஸுல இருக்கிறவங்க கன்னத்துல போட்டுக்குவாங்க. ஆனா ஆண்டாளைப் பத்தி எழுத நெறைய பேர் இருக்காங்க. நான் அவளை எடுத்து வளர்த்த அப்பாவைப் பத்தி எழுதுறேன். பெரியாழ்வார்னு பேர்லயே பெரிய இருக்கு. ஆனா மகளோட கதையில ஒரு ஓரமா வெச்சுத்தான் அவரை நாம கேட்டிருக்கோம். அவரைத் தனியா எடுத்துப் பார்த்தா, நம்ம மாதிரிக் கையால வேலை செஞ்சு சாப்பிடுற ஆளுங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர் அவர்தான்.

எங்க ஆச்சி சொன்னதும், கோயில்ல உபந்நியாசத்துல கேட்டதும், கொஞ்சம் புத்தகத்துல படிச்சதும் சேர்த்து எழுதுறேன்.

அவருக்குப் பெத்தவங்க வெச்ச பேர் விஷ்ணுசித்தர். அப்பா பேர் முகுந்தர், அம்மா பதுமவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்தணர் குடும்பம். ஆனி மாசம் சுவாதி நட்சத்திரத்துல பிறந்தார். இன்னைக்கும் ஆனி சுவாதிக்குக் கோயில்ல அவருக்கு விழா நடக்குது. அவர் வாழ்ந்த காலம் எட்டாம் நூற்றாண்டுன்னும் ஒன்பதாம் நூற்றாண்டுன்னும் ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு.

அந்தக் குடும்பத்துல பிறந்த பையன் வேதம் படிச்சு, யாகம் பண்ணி, சபையில உக்காந்து வாதாடிப் பேர் வாங்கணும். அதுதான் வழக்கம். இவர் என்ன பண்ணினார்னா, பெருமாளுக்கு எந்த வேலை பிடிக்கும்னு யோசிச்சிருக்கார். கண்ணன் கம்சனைப் பார்க்க மதுரா நகரத்துக்குப் போனப்ப, போற வழியில ஒரு மாலைக்காரர் வீட்டுக்குத் தானே தேடிப் போய்ப் பூமாலை கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாராம். யார்கிட்டயும் போய் யாகம் பண்ணிக் குடுன்னு கேட்கலை, பூக்கட்டுறவர் வீட்டுக்குத்தான் போனார். அப்ப நமக்கும் அதுதான் வேலைன்னு இவர் முடிவு பண்ணிட்டார். ஊர்ல இருக்கிற வடபத்ரசாயிப் பெருமாளுக்கு, அதாவது ஆலிலையில பள்ளிகொண்ட பெருமாளுக்கு, ஒரு நந்தவனம் போட்டார்.

நந்தவனம்னு சொல்றதுக்கு லேசா இருக்கு. நம்மள்ல பூந்தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கும், வீட்டுல பூக்கட்டிக் குடுக்கிறவங்களுக்கும் தெரியும். மண்ணைக் கொத்தணும், களை எடுக்கணும், கிணத்துல இருந்து தண்ணி இறைச்சு ஊத்தணும். பொழுது விடியும் முன்னாடி பறிக்கணும். வெயில் ஏறிட்டா பூ வாடிரும். பறிச்சதை வகை பிரிச்சு, காம்பு ஒண்ணு போல வெச்சுத் தொடுக்கணும். விரல்ல நார் அறுத்து அறுத்து வரி விழுந்திரும். இது ஒருநாள் ரெண்டுநாள் வேலை இல்லை. மழைன்னும் காய்ச்சல்னும் சொல்லிப் பெருமாளைச் சும்மா விட முடியாது. இவர் வருசக்கணக்கா தெனமும் பண்ணியிருக்கார். செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், இருவாட்சின்னு ஒவ்வொரு பூவாச் சொல்லிச் சொல்லிக் கண்ணனைப் பூ வெச்சுக்க வான்னு கூப்பிடுற பத்துப் பாட்டு பின்னால பாடியிருக்கார். பூவைக் கையால தொட்டு வளர்த்தவர் பாடினதுன்னு கேட்கும்போதே தெரியும்.

இப்படி இவர் பாட்டுக்கு இருக்கும்போது, மதுரையில பாண்டிய ராஜாவுக்கு ஒரு சங்கடம் வந்தது. ராஜா பேரு வல்லபதேவன். ஒருநாள் ராத்திரி மாறுவேசத்துல நகர்வலம் போறப்ப, ஒரு வீட்டுத் திண்ணையில வெளியூர்க்காரர் ஒருத்தர் படுத்திருக்கார். காசி பக்கம் போய்ட்டு வர்ற அந்தணர். அவரை எழுப்பி, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல விஷயம் ஒண்ணு சொல்லுங்கன்னு ராஜா கேட்டார். அவர் சொன்னது இதுதான். மழைக்காலம் நாலு மாசத்துக்கு வேண்டியதை மத்த எட்டு மாசத்துல சேர்த்து வைக்கணும். ராத்திரிக்கு வேண்டியதைப் பகல்லயே தேடி வைக்கணும். வயசான காலத்துக்கு வேண்டியதை இளவயசுல சேர்க்கணும். அடுத்த பிறவிக்கு வேண்டியதை இந்தப் பிறவியிலயே தேடிக்கணும்.

இந்த இடம் வந்தாலே எனக்குச் சிரிப்பு வரும். நம்ம குழுவுல சேரும்போது ஊக்குநர் அக்கா வந்து சொன்னது முக்காவாசி இதுதானே. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் திண்ணையில படுத்துக்கிட்டு ராஜாவுக்கே சேமிப்புப் பயிற்சி குடுத்திருக்கார்.

ராஜா அரண்மனைக்குப் போய்ப் படுத்தார், தூக்கம் வரலை. முதல் மூணுக்கும் அவர்கிட்ட எல்லாம் இருக்கு. களஞ்சியம் இருக்கு, விளக்கு இருக்கு, புள்ளைகுட்டி இருக்கு. நாலாவதுக்கு என்ன இருக்குன்னு பார்த்தா ஒண்ணும் இல்லை. கோயில்ல அவர் பேர்ல பூஜை நடக்காமலா இருந்திருக்கும்? அரண்மனையில தெனம் மந்திரம் சொல்லாமலா இருந்திருப்பாங்க? அதெல்லாம் இருந்தும் உள்ளுக்குள்ள ஒண்ணும் சேரலைங்கிறது அன்னைக்குத்தான் அவருக்கு உறைச்சிருக்கு. மறுநாள் செல்வநம்பிங்கிற பெரியவர்கிட்ட யோசனை கேட்டார். படிச்சவங்களை எல்லாம் கூட்டி, பரம்பொருள் யாருன்னு பேசச் சொல்லுங்க, சரியாச் சொல்றவங்களுக்குப் பரிசு வைங்கன்னு அவர் சொல்ல, ராஜா பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டார். பொற்கிழின்னா தங்கக் காசு கட்டின பண முடிப்பு.

பணம் தொங்குதுன்னா வராம இருப்பாங்களா? நாலா பக்கத்துல இருந்தும் பண்டிதர்கள் வந்தாங்க. பேசினாங்க. ராஜா மனசு தெளியலை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பூப்பறிச்சுக்கிட்டு இருந்த விஷ்ணுசித்தர் கனவுல பெருமாள் வந்து, நீ மதுரைக்குப் போய்ப் பொற்கிழியை வாங்கிட்டு வான்னு சொன்னாராம். இவர் பதறிப் போய்ட்டார். நான் படிச்சவன் இல்லை, மண்வெட்டி பிடிச்சுக் காய்ப்புக் காய்ச்ச கையும் பூக்கூடையும்தான் என்கிட்ட இருக்கு, நான் போய் அந்தப் பெரிய சபையில என்ன பேசுவேன்னு கேட்டிருக்கார். பேச வைக்கிறது என் பொறுப்புன்னு பெருமாள் சொல்லிட்டார்.

இந்த இடத்தை எங்க ஆச்சி சொல்லும்போது தன் கையை நீட்டிக் காட்டுவா. பஞ்சாலையில வேலை பார்த்த கை. உள்ளங்கையில தோல் தடிச்சுப் போய் இருக்கும். பெருமாள் தேடினது இந்தக் கையைத்தான்னு சொல்லுவா. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அதுக்கு அர்த்தம் புரியலை.

விஷ்ணுசித்தர் போனார். சபையில இருந்தவங்க, பூக்கட்டுறவன் வேதம் பேச வந்துட்டானான்னு முகம் சுளிச்சிருக்காங்க. இவர் வேதத்துல இருந்தே எடுத்து எடுத்துப் பேசினார். பேசி முடிக்கும்போது பொற்கிழி தொங்கின கம்பம் தானா வளைஞ்சு இவர் கைப்பக்கம் வந்ததுன்னு குருபரம்பரைக் கதையில சொல்றாங்க. ராஜா எந்திரிச்சு வந்து விழுந்து கும்பிட்டார். பட்டர்பிரான்னு பட்டம் குடுத்தார். பட்டத்து யானை மேல ஏத்தி மதுரைத் தெருவுல ஊர்வலம் விட்டார்.

இனிமேதான் முக்கியமான இடம். ஒரு மனுசனை நேத்து வரைக்கும் யாருக்கும் தெரியாது. இன்னைக்கு யானை மேல உக்காந்திருக்கார், ராஜா பின்னால வர்றார், மேளம் கொட்டுது, ஊரே வேடிக்கை பார்க்குது. நாமளா இருந்தா என்ன நினைப்போம்? சொந்தக்காரங்க யாராவது பார்க்கிறாங்களான்னு தேடுவோம். நான் தேடுவேன். அந்த நேரத்துல, பெத்தவங்க தன் புள்ளை பரிசு வாங்குறதைப் பார்க்க வர்ற மாதிரி, பெருமாள் தாயாரோட கருடன் மேல ஆகாசத்துல வந்து நின்னாராம். அதைப் பார்த்ததும் இவருக்குத் தன் ஊர்வலம் மறந்து போச்சு. இத்தனை கூட்டத்துல இப்படி வந்து நிக்கிறாரே, இவ்வளவு அழகுக்குக் கண்ணு பட்டுருமேன்னு பயந்துட்டார். யானை கழுத்து மணியை எடுத்துத் தாளமாத் தட்டி, நீ பல்லாண்டு நல்லா இருக்கணும்னு பெருமாளையே வாழ்த்திப் பாடிட்டார். அதுதான் திருப்பல்லாண்டு, 12 பாட்டு. பெருமாள் கோயில்ல பிரபந்தம் பாட ஆரம்பிச்சா முதல்ல அதைத்தான் பாடுவாங்க.

எல்லாரும் சாமிகிட்ட எனக்கு நல்லது பண்ணுன்னு கேட்போம். இவர் சாமிக்குக் கண்ணு படக்கூடாதுன்னு கவலைப்பட்டார். இந்த ஒரு மனசுக்காகத்தான் ஆழ்வார்கள்ல இவருக்கு மட்டும் பெரியாழ்வார்னு பேர்.

அந்தப் பல்லாண்டுல இன்னொரு விஷயமும் இருக்கு. சேர்ந்து பாட எல்லாரையும் கூப்பிடுறார். பெருமாளே போதும்னு இருக்கிறவங்களையும் கூப்பிடுறார், தன் ஆத்மா கடைத்தேறணும்னு இருக்கிறவங்களையும் கூப்பிடுறார், செல்வம் வேணும்னு வந்தவங்களையும் கூப்பிடுறார். காசுக்காகக் கும்பிடுறவன் வராதேன்னு விரட்டலை. நீயும் வா, வந்து பாடுன்னுதான் சொல்றார். இதை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி வேற ஒரு மகானோட கதையைச் சொல்லிடுறேன்.

எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்தப்ப பஞ்சாப் பக்கம் வேலை பார்த்துச்சு. லீவுல வரும்போது அங்கத்துக் கதை சொல்லும். சீக்கியர்களோட குரு நானக் 1469-ல பிறந்தவர். இளவயசுல சுல்தான்பூர்ல தவுலத்கான்ங்கிற நவாபோட தானியக் கிட்டங்கியில கணக்குப் பார்த்து அளந்து போடுற வேலை. பதிமூணுக்கு அவங்க பாஷையில தேரான்னு பேராம். அதுக்கே உன்னுடையதுன்னும் ஒரு அர்த்தம். தானியம் அளக்கும்போது பதிமூணு வந்தா, உன்னுடையது உன்னுடையதுன்னு சாமியை நினைச்சு அதுலயே நின்னுருவாராம்.

ஒருநாள் நவாபும், காஜியும், அதாவது அவங்க மார்க்கத்துப் பெரியவரும், தங்களோட தொழுகைக்கு வரச் சொல்லி நானக்கைக் கூப்பிட்டாங்க. அவரும் போனார். எல்லாரும் குனிஞ்சு தொழுதாங்க, இவர் நின்னுக்கிட்டே இருந்தார். முடிஞ்சதும் கோபமாக் கேட்டாங்க, ஏன் எங்களோட தொழலைன்னு. நீங்க தொழுதாத்தானே உங்களோட நான் தொழ முடியும்னு அவர் சொன்னாராம். காஜி மனசு பூரா வீட்டுல குதிரை குட்டி போட்டிருக்கு, அது கிணத்துல விழுந்திருமோன்னே இருந்தது. நவாப் மனசு காபூல்ல குதிரை வாங்கிக்கிட்டு இருந்தது. ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சு ஒத்துக்கிட்டாங்க. அந்தத் தொழுகையை அவர் குறை சொன்னதா யாரும் நினைச்சிரக் கூடாது. ஹரித்துவாருக்குப் போனப்ப நம்ம ஆளுங்ககிட்டயும் இதே மாதிரிதான் கேட்டிருக்கார். செத்துப்போன முன்னோர்களுக்குப் போய்ச் சேரும்னு எல்லாரும் கிழக்குப் பக்கம் தண்ணி இறைக்க, இவர் மேற்குப் பக்கம் இறைச்சாராம். கேட்டதுக்கு, உங்க தண்ணி மேலோகம் வரைக்கும் போகும்னா என் தண்ணி பஞ்சாப்ல இருக்கிற என் வயலுக்குப் போகாதான்னாராம். கடைசிக் காலத்துல கர்த்தார்பூர்ல அவரே வயல் வேலை பார்த்தார், வந்தவங்களுக்கு எல்லாம் ஒண்ணா உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டார். 1539-ல காலமானார். அவர் கையும் காய்ப்புக் காய்ச்ச கைதான்.

இந்தக் கதையை அண்ணன் சொன்ன அன்னைக்கு எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் நான் ஒரு காரியம் பண்ணியிருந்தேன். நம்ம மலர்ல எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடுறேன்.

எங்க பாப்பாவுக்கு அஞ்சு வயசுல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, எங்க ஊர் அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். வெறும் மாவிளக்கு. பச்சரிசியும் வெல்லமும் நெய்யும் இருந்தாப் போதும். புள்ளை பொழைச்சு வந்துட்டா. அந்த வருசம் பொங்கல் சாட்டினப்ப, எங்க நாத்தனார் வீட்டுல கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டாங்க. எனக்குப் பொறுக்கலை. அடுத்த வருசம் நாங்களும் போடணும்னு நின்னேன். குழுவுல ஆடு வாங்கணும்னு எழுதிக் குடுத்து 20,000 ரூபா உள்கடன் எடுத்தேன். ஆடு வாங்கினது பொய் இல்லை, வளர்க்கத்தான் இல்லை. ரேடியோ செட்டு, ஃபிளெக்ஸ், அதுல எங்க வீட்டுக்காரர் படம் எல்லாம் போட்டோம். பூசாரி தீபாராதனை காட்டுறார், நான் கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிறேன். மனசுல ஓடினது என்னன்னா, நாத்தனார் வீட்டாளுங்க வந்துட்டாங்களா, சோறு பத்துமா, அவங்க பந்தியை விட நம்ம பந்தி பெருசாங்கிறதுதான். பாப்பா என் சேலையைப் பிடிச்சு இழுத்து, அம்மா மாவிளக்கு எங்கேன்னு கேட்டா. மாவிளக்கு எடுக்க மறந்தே போச்சு.

அந்தக் கடனை அடைக்கப் பதினாலு மாசம் ஆச்சு. ரெண்டு தவணை தவறி, எங்க குழுவுல வேற ஒருத்திக்கு அவசரத்துக்குக் கடன் குடுக்க முடியாமப் போச்சு. அவ இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. ஆடு எங்கேன்னும் யாரும் கேட்கலை. எல்லாருக்கும் தெரியும்னுதான் நினைக்கிறேன்.

சரி, பெரியாழ்வார் கதைக்கு வர்றேன்.

பொற்கிழி வாங்கிட்டு ஊருக்குத் திரும்பினவர் என்ன பண்ணினார்? அந்தப் பணத்துல வீடு கட்டலை, நிலம் வாங்கலை. கோயில் திருப்பணிக்குக் குடுத்துட்டார். இன்னைக்கு நாம பார்க்கிற 11 நிலைக் கோபுரம் அந்தப் பொன்னுல எழுப்பினதுதான்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற கோபுரமும் எங்க கோபுரம்தான்னு நாங்க சொல்லுவோம். மதுரைக்காரங்க வேற சொல்லுவாங்க, அதை விடுங்க. பட்டர்பிரான் பட்டத்தோட அரண்மனையில உக்காந்திருக்கலாம். மறுநாள் விடியக்காலை அவர் பழையபடி பூக்கூடையைத் தூக்கிட்டு நந்தவனத்துக்குப் போய்ட்டார்.

அந்த நந்தவனத்துலதான், ஒரு ஆடி மாசம் பூர நட்சத்திரத்தன்னைக்கு, துளசிச் செடிக்கு அடியில ஒரு பொம்பளைப் புள்ளை கிடந்தா. யார் பெத்த புள்ளையோ, என்ன குலமோன்னு அவர் விசாரிச்சதாக் கதையில இல்லை. மகாலட்சுமியே வந்தாள்னு எடுத்துட்டுப் போய் வளர்த்தார். கோதைன்னு பேர் வெச்சார். குப்பைத்தொட்டியில போட்ட பொம்பளைப் புள்ளைகளைப் பத்தி நம்ம காலத்துலயும் கேள்விப்படுறோம். தொட்டில் குழந்தைத் திட்டம்னு அரசாங்கமே 1992-ல ஒண்ணு கொண்டு வர வேண்டியிருந்துச்சு. அந்தக் காலத்துல இவர் துளசியடியில கிடந்த புள்ளையைத் தூக்கினது எனக்கு யானை ஊர்வலத்தை விடப் பெருசாத் தெரியுது.

ஒரு ஆம்பளை பொம்பளைப் புள்ளையை எப்படி வளர்த்தார்னு தெரிஞ்சுக்கணும்னா அவர் பாட்டைத்தான் பார்க்கணும். திருமொழின்னு 461 பாட்டு பாடியிருக்கார். அதுல பெரும்பகுதி யசோதை மாதிரி தன்னை நினைச்சுக்கிட்டுக் கண்ணனை வளர்க்கிற பாட்டு. தாலாட்டு இருக்கு. நிலாவைக் காட்டிக் கூப்பிடுறது இருக்கு. சப்பாணி கொட்டுறது, தளர்நடை நடக்கிறது, ஓடிவந்து முதுகுல கட்டிக்கிறது எல்லாம் இருக்கு. காது குத்த வாடான்னு கெஞ்சுறார், புழுதியோட இருக்கியே குளிக்க வாடான்னு கூப்பிடுறார், தலை வாரிவிடக் காக்காயைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டுறார், பொழுது சாயும்போது கண்ணு பட்டுரும்னு காப்பு இடக் கூப்பிடுறார். புள்ளைத்தமிழ்னு பின்னால எத்தனையோ புலவர்கள் எழுதினாங்க, அதுக்கெல்லாம் இவர்தான் முன்னோடின்னு சொல்றாங்க. இதுல எங்கயும் பெரிய மந்திரம் கிடையாது. அடுப்படியிலயும் வாசல்லயும் நாம தெனம் புள்ளைகளுக்குப் பண்ற காரியம்தான். அதையே பூஜையா ஆக்கிட்டார்.

பேர் வைக்கிறதைப் பத்திக்கூடப் பத்துப் பாட்டு இருக்கு. காசுக்கும் துணிமணிக்கும் ஆசைப்பட்டுப் பெரிய மனுசங்க பேரைப் புள்ளைக்கு வைக்கிறீங்களே, பெருமாள் பேரை வைங்கன்னு கோபமாவே பாடுறார். அப்பவே அப்படித்தான் இருந்திருக்கு.

இப்ப மாலைக் கதை. உங்க எல்லாருக்கும் தெரியும். பெருமாளுக்குக் கட்டி வெச்ச மாலையைக் கோதை தன் கழுத்துல போட்டு, கிணத்துத் தண்ணியில அழகு பார்த்துட்டு, திரும்பக் கூடையில வெச்சிருவா. கோயில்ல கண்ணாடிக் கிணறுன்னு இன்னைக்கும் காட்டுறாங்க. அப்பாவுக்குத் தெரியாம ரொம்ப நாள் இது நடந்திருக்கு. ஒருநாள் மாலையில ஒரு தலைமுடி இருந்ததைப் பார்த்துட்டார்.

அவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க. சாமிக்கு வெச்ச பூவை மோந்து பார்த்தாலே ஆகாதுன்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்க. இவர் வாழ்நாள் பூரா அந்தச் சுத்தத்தைக் காப்பாத்தி வந்தவர். அத்தனை நாளும் எச்சில் மாலையையா போட்டோம்னு நெஞ்சு அடைச்சிருக்கும். மகளைக் கண்டிச்சார். அந்த மாலையை ஒதுக்கிட்டார், அன்னைக்குப் பெருமாளுக்கு மாலை போடாமலே இருந்துட்டார். ராத்திரி கனவுல பெருமாள் வந்து, எனக்கு ஏன் மாலை வரலைன்னு கேட்டார். காரணம் சொன்னதுக்கு, அவ சூடிக் குடுத்த மாலைதான் எனக்கு வாசனையா இருக்கு, இனிமே அதைத்தான் கொண்டு வரணும்னுட்டார்.

எல்லாரும் இதை ஆண்டாளோட பெருமைன்னு சொல்லுவாங்க, சரிதான். எனக்கு அப்பாவோட பெருமையும் தெரியுது. ஒரு கனவு வந்ததுன்னு அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஊர் என்ன சொல்லும், பட்டர் என்ன சொல்லுவார், சாத்திரம் என்ன சொல்லும்னு நின்னிருக்கலாம். தன் வாழ்நாள் பூரா பிடிச்சிருந்த முறையை, ஒரு சின்னப் பொண்ணோட அன்பு அதை விடப் பெருசுன்னு தெரிஞ்சதும், விடியும்போது மாத்திக்கிட்டார். மறுநாள்ல இருந்து மகளைக் கூப்பிட்டு மாலையைப் போடச் சொல்லி, அப்புறம் கோயிலுக்குக் கொண்டு போனார். அறுபது வயசுல ஒரு பழக்கத்தை மாத்துங்கன்னு நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்டச் சொல்லிப் பாருங்க, தெரியும். அன்னைக்கு எது தப்புன்னு கிடந்துச்சோ அதுதான் இன்னைக்கு மரியாதை. ஆண்டாள் சூடின மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகுது. சித்திரையில கள்ளழகர் வைகையில இறங்கும்போது அவருக்கும் போகுது.

கோதை வளர்ந்தா. 30 பாட்டுத் திருப்பாவையும் 143 பாட்டு நாச்சியார் திருமொழியும் பாடினா. மனுசங்க யாரையும் கட்டிக்க மாட்டேன், அரங்கனைத்தான் கட்டிப்பேன்னு சொல்லிட்டா. பொம்பளைப் புள்ளை இப்படிச் சொன்னா ஒரு அப்பா என்ன பாடுபடுவார். திட்டலை, அடிக்கலை, அவசரமா மாப்பிள்ளை பார்க்கலை. இது எப்படி நடக்கும்னு தெரியாமத் தவிச்சார். அப்புறம் அரங்கன் உத்தரவுப்படி பல்லக்குல ஏத்தி ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அவ கருவறைக்குள்ள போனா, அரங்கன் திருவடியைத் தொட்டா, அப்படியே மறைஞ்சு போய்ட்டா.

ஊருக்கு அது அதிசயம். அப்பாவுக்கு? காலியான பல்லக்கோட திரும்பி வந்திருக்கணும். மகளை அனுப்பிட்டு வீடே வெறிச்சோடிக் கிடக்குதுன்னு ஒரு தாய் பொலம்புற மாதிரி பத்துப் பாட்டு அவர் திருமொழியில இருக்கு. ஒத்த மகளை ஆசையா வளர்த்தேனே, இப்ப அங்க எப்படி இருக்காளோ, மாமியார் நல்லாப் பார்த்துக்குவாளோன்னு அந்தத் தாய் கேட்கிறா. கோதையை நினைச்சுத்தான் பாடினார்னு உபந்நியாசத்துல சொன்னாங்க. என் கல்யாணத்துக்கு மறுநாள் எங்க அப்பா வாசல் திண்ணையில சாப்பிடாம உக்காந்திருந்தார்னு அம்மா பின்னாடி சொன்னது அப்ப ஞாபகத்துக்கு வந்துச்சு.

அதுக்குப் பின்னாடியும் அவர் பூக்கட்டுறதை விடலை. வயசான காலத்துல மதுரைக்குப் பக்கத்துல அழகர்கோயிலுக்குப் போய், அங்கேயே பெருமாள் திருவடி சேர்ந்தார். அவரோட திருவரசு, அதாவது அவரை அடக்கம் பண்ணின இடம், அங்கேதான் இருக்கு. கடைசிக் காலத்தைப் பத்தியும் அவர் பாடி வெச்சிருக்கார். சாகுற நேரத்துல தொண்டை அடைச்சு, நினைவு தப்பி, உன் பேரைச் சொல்ல முடியாமப் போகலாம், அதனால நல்லா இருக்கிற இப்பவே அந்த நேரத்துக்கும் சேர்த்துச் சொல்லி வெச்சுட்டேன், கணக்குல வெச்சுக்கோன்னு பெருமாள்கிட்டச் சொல்றார். திண்ணையில படுத்திருந்தவர் ராஜாவுக்குச் சொன்ன நாலாவது சேமிப்பு இதுதான் போல.

பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் கல்யாணம் நடக்கும். கருவறையில ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிக்க, பக்கத்துல கருடாழ்வாரும் நிப்பார். கருடனோட அம்சமாத்தான் பெரியாழ்வாரைச் சொல்லுவாங்க. அப்பா மகளையும் மருமகனையும் பார்த்துக்கிட்டு ஒரே இடத்துல நிக்கிறார். மார்கழியில பகல்பத்து ஆரம்பிக்கிற அன்னைக்கு ஆண்டாள் அப்பா வீட்டுக்கு வருவா. பெரியாழ்வார் வம்சத்தில வந்தவங்க வீடு அது. மகள் வர்றான்னு கத்தரி, வாழை, பூசணின்னு காய்கறியா வாசல்ல பரப்பி வெச்சிருப்பாங்க, கரும்பும் இருக்கும். பச்சை பரத்தல்னு பேர். போன வருசம் பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கூட்டத்துல அவளுக்குத் தெரியலைன்னு தோள்ல தூக்கிக் காட்டினேன். சாமிக்கு ஏம்மா சமைக்காத காயை வெச்சிருக்காங்கன்னு கேட்டா. பொறந்த வீட்டுக்கு வந்த புள்ளைக்கு எது பிடிக்குதோ அதை அம்மா அப்புறம் சமைச்சுக் குடுப்பாங்கன்னு சொன்னேன். அம்மா இல்லையே, அப்பாதானே இருக்கார்னு சொன்னா.

திரும்பி வந்து அன்னைக்குச் சாயங்காலம், வீட்டுல இருந்த பச்சரிசியை ஊற வெச்சு இடிச்சு, அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தோம். நானும் பாப்பாவும் மட்டும்தான்.